மூணாம் நம்பர் மேடம்

"ஏழு மாசமா எட்டிப் பாக்கல. இப்ப வந்து தலையணைய நிமுத்தறா."

"மெதுவாப் பேசுடா. கேக்கப் போகுது."

"கேக்கட்டும். யாருக்குக் கேக்கக் கூடாதுங்கற? அவருக்கா, இவளுக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான்."

தம்பியும் அம்மாவும் சமையலறையில் இருந்தார்கள். இடையில் இருந்தது பாதிச் சுவர். அவள் அப்பாவின் பிடரியை ஒரு கையில் தாங்கி, மறு கையால் தலையணையை மேலே இழுத்துக்கொண்டிருந்தாள். உடம்பெல்லாம் வற்றிப்போய்த் தலை மட்டும் பழைய எடையோடு மிஞ்சியிருந்தது. மூக்கில் செருகிய குழாய் இரண்டு காதுகளுக்குப் பின்னாலும் சிவந்த கோடு பதித்திருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் வாடகைக்கு எடுத்த ஆக்ஸிஜன் மெஷின் விட்டு விட்டுப் பெருமூச்சு விட்டது. அதன் மேல் ஒட்டியிருந்த தாளில் எரியும் சிகரெட்டின் படம், குறுக்கே சிவப்புக் கோடு. அதைப் பார்த்துத் திருந்த இந்த வீட்டில் ஆள் இல்லை. புகைத்தவர் ஒருவர்தான், அவரும் விட்டு ஏழு மாதம் ஆகிறது.

தெருமுனை டாக்டர் முந்தைய நாள் சாயங்காலம் வந்து பார்த்துவிட்டு, இனி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம், பார்க்க வேண்டியவர்களை வரச் சொல்லுங்கள் என்று சொல்லியிருந்தார். பார்க்க வேண்டியவர்களில் முதலில் அப்பாவோடு வேலை பார்த்த நண்பருக்குப் போன் போயிற்று. இரண்டாவதாகத் தம்பியின் முதலாளிக்கு, லீவு கேட்டு. மூன்றாவதாக அவளுக்கு.

அம்மா டீயோடு வந்தாள். அதை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு மகளைப் பார்க்காமல் பேசினாள்.

"ஆஸ்பத்திரியில பத்து நாள் இருந்தாரு. அப்பவே உன்கிட்ட சொல்லணும்னேன். வேணாம்னுட்டாரு."

"ஏன்?"

"வந்து, நான் அப்பவே சொன்னேன்லன்னு நிப்பாளாம். அதக் கேக்கறதுக்குத் தெம்பு இல்லையாம்."

அவள் டீயை எடுத்து ஒரு வாய் குடித்தாள். சர்க்கரை இல்லை. அவள் சர்க்கரை இல்லாமல் குடிப்பவள் என்று அம்மா மறக்கவில்லை. அதுவும் ஒரு குத்தலாகத்தான் பட்டது.

"தானா விட்டாரும்மா," என்றாள் அம்மா. "நாப்பத்தஞ்சு வருஷம் குடிச்சவரு. நீ சின்னப் பொண்ணுல இருந்து கத்தினே. சாம்பல் கிண்ணத்த ஜன்னல் வழியா எறிஞ்சே. அப்பெல்லாம் விடல. நீ வீட்ட விட்டுப் போனே, விட்டுட்டாரு."

"சரிம்மா."

"உன்னைக் குத்திக் காட்டறதுக்குச் சொல்லல. நடந்ததச் சொல்றேன். போன்ல ஒரு மேடம் பேசுவாங்க. மூணாம் நம்பர் மேடம்னு சொல்லுவாரு. வியாழக்கிழமை பதினோரு மணியானா சட்டைய மாத்திக்கிட்டு படிக்கட்டு ஜன்னல்ல போய் உக்காந்துடுவாரு. போன்ல பேசறதுக்கு எதுக்குய்யா சட்டைன்னு கேட்டா முறைப்பாரு. தங்கமான பொண்ணு போல. ஒரு நாள்கூடக் குரல் உசத்தினதில்லையாம்."

அப்பாவின் வாயோரத்தில் உலர்ந்திருந்ததை அம்மா முந்தானையால் துடைத்தாள். பிறகு, "எல்லாருக்கும் அந்தக் குணம் வருமா," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள்.

*

அவள் வேலை பார்த்த அறையில் பன்னிரண்டு மேசைகள். சிகரெட் பெட்டியின் பின்பக்கம், அழுகிய வாயின் படத்துக்குக் கீழே, பொடி எழுத்தில் ஓர் இலவச எண் இருக்கும். அதை அழைத்தால் இந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர் எடுப்பார். யாரும் பெயர் சொல்லக் கூடாது, மேசை எண் மட்டும்தான். மறுபடி அழைப்பவர்கள் அந்த எண்ணைச் சொல்லி அதே ஆளைக் கேட்கலாம். "வணக்கம், மூணாம் நம்பர் மேசை. சிகரெட்டை விடணும்னு நினைச்சதே பெரிய விஷயம். சொல்லுங்க." இது அச்சடித்த வாக்கியம். மெதுவாக, அடிக்குரலில், புன்னகைத்துக்கொண்டே சொல்ல வேண்டும். புன்னகை குரலில் தெரியுமாம்.

வீட்டில் அவள் கஸ்டமர் கேர் என்று மட்டும் சொல்லியிருந்தாள். உண்மையைச் சொன்னால் தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். அப்பா சிரிக்கக்கூட மாட்டார். எழுந்து படிக்கட்டுக்குப் போய் ஒன்றைப் பற்றவைப்பார்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை பதினோரு மணிக்கு அவள் காதில் அப்பாவின் இருமல் கேட்டது. பிறகு குரல்.

"இது அந்தப் பெட்டியில போட்டிருக்கற நம்பர்தானே மேடம்?"

தெரிந்தவர் அழைத்தால் மஞ்சள் பொத்தானை அழுத்தி வேறு மேசைக்கு மாற்றிவிட வேண்டும் என்பது விதி. அவள் விரல் அதன் மேல்தான் இருந்தது. அப்பா அவளிடம் இவ்வளவு மரியாதையாகப் பேசிக் கேட்டதில்லை. அந்த மரியாதையை இன்னும் ஒரு வாக்கியம் கேட்டுவிட்டு அழுத்தலாம் என்று நினைத்தாள். அழுத்தவில்லை.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். முப்பது மீட்டர் உயரத்தில், ஆள் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும் கண்ணாடிக் கூண்டில், எச்சரிக்கைச் சங்கின் அலறலுக்கு நடுவே இருபத்தாறு வருடம். காது கொஞ்சம் மந்தம்; போனை எப்போதும் முழுச் சத்தத்தில் வைத்திருப்பார். வீட்டில் அவள் அவரிடம் பேசியது எல்லாமே கத்தல். பாதி காது மந்தத்துக்காக, பாதி கோபத்துக்காக. இந்தத் தணிந்த குரலை அவர் கேட்டதே இல்லை. அவளும்தான், இந்த வேலைக்கு வரும்வரை.

அவள் படிவத்தில் இருந்த கேள்விகளை வரிசையாகக் கேட்டாள். ஒரு நாளைக்கு எத்தனை? காலையில் கண் விழித்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட்? அவர் ஒவ்வொன்றுக்கும் யோசித்துப் பதில் சொன்னார், வேலைக்கு நேர்முகம் வந்தவரைப் போல.

"எப்பெல்லாம் குடிக்கணும்னு தோணும் ஐயா?"

"சாப்பிட்டதும். டீ குடிச்சா. அப்புறம்..."

"சொல்லுங்க ஐயா. இங்க யாரும் உங்களத் தப்பா நினைக்க மாட்டாங்க."

"என் மகள் வேலை முடிஞ்சு வர நேரம். படிக்கட்டுல அவ செருப்புச் சத்தம் கேக்கும். கேட்டதும் கை தானாப் பாக்கெட்டுக்குப் போகும் மேடம்."

"ஏன் ஐயா?" இந்தக் கேள்வி படிவத்தில் இல்லை.

"உள்ள வந்ததும் மோந்து பாப்பா. போலீஸ் நாய் மாதிரி. எப்படியும் திட்டு விழத்தான் போகுது. திட்டு விழறதுக்கு முன்னாடி ஒண்ணு குடிச்சுக்குவோமேன்னு."

அவள் எழுதினாள். தூண்டுதல்: ஒன்று, சாப்பாடு. இரண்டு, தேநீர். மூன்று, மகள்.

கையேட்டில் இதற்கு ஒரு பக்கம் இருந்தது. தூண்டுதலைத் தள்ளிவையுங்கள், முடியாவிட்டால் தூண்டுதலிலிருந்து நீங்கள் தள்ளியிருங்கள்.

"சாப்பிட்டதும் எழுந்து பத்து நிமிஷம் நடங்க ஐயா. டீக்குப் பதிலா கொஞ்ச நாள் வேற ஏதாவது குடிங்க."

"மகளுக்குப் பதிலா?" என்று கேட்டுவிட்டு அப்பா சிரித்தார். நுரையீரல் வரை போய்வரும் சிரிப்பு, கடைசியில் இருமலில் முடிந்தது. இந்தச் சிரிப்பை அவள் வீட்டில் கேட்டு எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

"அதப் பாக்கலாம் ஐயா," என்றாள்.

ஒன்பதாம் நாள் அவள் ஷிஃப்ட் மாறிவிட்டது என்று சொல்லி, ஆபீஸ் பக்கத்தில் பெண்கள் விடுதி ஒன்றில் அறை எடுத்தாள். அம்மா அழுதாள். தம்பி, "கல்யாணம் பண்ணிப் போறவகூட இவ்ளோ பெரிய பெட்டி எடுக்க மாட்டா," என்றான். அப்பா படிக்கட்டு ஜன்னலில் உட்கார்ந்திருந்தார். அவள் பெட்டியோடு அவரைக் கடந்து இறங்கினாள். அவர் வலது கை சட்டைப் பைக்குள் இருந்தது. வெளியே வரவில்லை.

அடுத்த வியாழக்கிழமை, "மகள் போயிட்டா மேடம்," என்றார்.

"அப்படியா ஐயா."

"நீங்க ஏதாவது மந்திரம் போட்டீங்களா? அன்னிக்குத்தான் சொன்னேன். இன்னிக்கு ஆளக் காணோம்."

அவள் புன்னகைத்தாள். புன்னகை குரலில் தெரிய வேண்டுமே. "விடறதுக்கு ஒரு தேதி குறிச்சுக்கலாமா ஐயா?"

குறித்தார்கள். முதல் மூன்று நாளும் அவர் தினமும் அழைத்தார். தலை வெடிக்கிறது, மலம் போகவில்லை, ஒரு டம்ளரைச் சுவரில் எறிந்துவிட்டேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அவள் கையேட்டில் இருந்ததைச் சொன்னாள். ஆசை வந்தால் பத்து நிமிஷம் தள்ளிப்போடுங்க, ஆழமா மூச்சு விடுங்க, மெதுவா தண்ணி குடிங்க, கையால வேற வேலை செய்யுங்க. நிகோடின் சூயிங்கம் வாங்கச் சொன்னாள். மறுநாள், "அது என் பல்செட்டைக் கழட்டிக்கிட்டுப் போயிடுச்சு மேடம்," என்றார். தோளில் ஒட்டிக்கொள்ளும் பட்டைக்கு மாற்றினாள். பத்தொன்பதாம் நாள் ஒன்று குடித்துவிட்டேன் என்று குற்றவாளி போல ஒப்புக்கொண்டார். "ஒண்ணு குடிச்சதால எல்லாம் போயிடல ஐயா. நாளைக்கு மறுபடி ஆரம்பிங்க," என்றாள். வீட்டில் என்றால் இன்னொரு கிண்ணம் ஜன்னல் வழியாகப் போயிருக்கும்.

அந்த முதல் அழைப்பின் ஒலிப்பதிவை மேற்பார்வையாளர் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் போட்டுக் காட்டினார். "கவனிங்க. ஒரே ஒரு இடம் தவிர, சொந்தமா ஒரு வார்த்தை பேசல. இப்படித்தான் இருக்கணும்." அறையில் இருந்த எட்டுப் பேரும் 'போலீஸ் நாய்' வந்த இடத்தில் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

*

பத்தரை மணிக்கு சிக்னல் மாமா வந்தார். அப்பாவின் கிரேனுக்குக் கீழே நின்று கை காட்டியவர். சுமையைத் தூக்கு, இறக்கு, நிறுத்து என்று இருபது வருடம் இரண்டு பேரும் கையாலேயே பேசிக்கொண்டவர்கள். அவர் அறைக்குள் நுழையும் முன்பே புகை நாற்றம் நுழைந்தது. தம்பி மெஷினைக் காட்டினான். மாமா பையிலிருந்த சிகரெட் பெட்டியையும் தீப்பெட்டியையும் எடுத்து வெளியே செருப்புக்குள் வைத்துவிட்டு வந்தார்.

"எப்பம்மா வந்தே?"

"நேத்து சாயங்காலம் மாமா."

"வந்தியே, அதுவே போதும்." கட்டிலின் கால்மாட்டில் நின்று பார்த்தார். "மேல உக்காந்து சாம்பலத் தட்டுவான் இவன். நேரா என் ஹெல்மெட்ல வந்து விழும். முப்பது மீட்டர்ல குறி தப்பாது. ஏண்டான்னு கேட்டா, காத்து கொண்டுவந்துதும்பான்."

அம்மா சிரித்தாள். அன்று அந்த வீட்டில் வந்த முதல் சிரிப்பு.

"நான் இன்னும் ரெண்டு பெட்டி ஊதறேன்," என்றார் மாமா. "ஒண்ணும் ஆகல. விட்டவன் படுத்துட்டான். விடாதவன் மாடி ஏறி வந்திருக்கேன். என்ன நியாயம் இது? உடம்பு பழகிட்டா விடக் கூடாதுங்கறேன். விட்டதாலதான் ஆச்சோ என்னமோ."

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். அந்த எண்ணம் அவளுக்கும் ஏற்கெனவே வந்து போயிருக்க வேண்டும்.

இதற்கான பதில் கையேட்டின் பதினேழாம் பக்கத்தில் இருக்கிறது. நோய் பல வருடங்களுக்கு முன்பே உள்ளே தொடங்கியிருக்கும், விட்டதால் வருவதில்லை. வாரத்துக்கு நாலு பேருக்காவது அவள் அதைச் சொல்வாள். நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் தம்பி என்ன கேட்பான் என்று தெரியும்: உனக்கு எப்படித் தெரியும்? அதற்குப் பதில் சொன்னால் அடுத்த கேள்வி. அவள் போர்வையின் ஓரத்தை மடித்துச் செருகினாள்.

மாமா குனிந்து, அப்பா கண் திறந்தால் தெரியும்படி வலது உள்ளங்கையைக் கவிழ்த்துக் காற்றில் மெல்ல அசைத்தார்.

"என்ன மாமா அது?" என்று கேட்டாள்.

"மெதுவா இறக்கு."

அப்பாவின் கண் பாதி திறந்தது. போர்வையின் மேல் இடது கை விரல்கள் மடங்கி எதையோ பிடித்தன.

"ஏதாவது சொல்றாரா?"

"சொல்லல. லீவரப் பிடிக்கறான்." மாமா சட்டென்று நிமிர்ந்து, "நான் கீழ நிக்கறேன்," என்று வெளியே போனார். செருப்பிலிருந்து தீப்பெட்டி குலுங்கும் சத்தம் படி இறங்கிப் போயிற்று. சிறிது நேரத்தில் தம்பியும் இறங்கிப் போனான்.

*

அவள் மணி பார்த்தாள். பதினொன்று. வியாழக்கிழமை இல்லை, செவ்வாய்.

மூன்று வியாழக்கிழமைகளாக அவர் அழைக்கவில்லை. முதல் வாரம் மறந்திருப்பார் என்று நினைத்தாள். இரண்டாவது வாரம், மறுபடி தொடங்கிவிட்டார் என்று முடிவு செய்தாள். அவளுக்கு வருத்தம் வரவில்லை. எதிர்பார்த்தது நடந்த ஒரு திருப்தி வந்தது. நான் அப்பவே சொன்னேன்ல என்பதன் ருசி. மூன்றாவது வாரம் அவருடைய படிவத்தில் 'தொடர்பு இல்லை, மீண்டும் பழக்கத்துக்குத் திரும்பியிருக்கலாம்' என்று பதிந்து மூடினாள். அந்த நேரத்தில் அவர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் அறைக்கு வெளியே தள்ளுபடுக்கையில் கிடந்திருக்கிறார்.

அதைக்கூட மறந்துவிடலாம். மறக்க முடியாதது மூன்றாம் மாத அழைப்பு.

"படிக்கட்டுல சத்தம் கேட்டா இப்பவும் நிமுந்து பாக்கறேன் மேடம்," என்றார் அன்று.

"சிகரெட் தோணுதா ஐயா?"

"இல்ல. சும்மா பாக்கறேன். மாடி வீட்டு ஆளா இருக்கும்."

அவள் படிவத்தில் ஆசை இல்லை என்று குறித்தாள்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா? இப்ப என் மகள் திரும்பி வந்தா பரவாயில்லையா? கூப்பிடட்டுமா?"

பக்கத்து மேசையில் யாரோ தண்ணீர் குடித்தார்கள். அவள் கண் முன்னால் கையேடு விரிந்தே இருந்தது. தூண்டுதலை இவ்வளவு நாள் தள்ளிவைக்க வேண்டும் என்று அதில் எந்தப் பக்கத்திலும் இல்லை. மூன்று மாதம் தாண்டியவர்கள் மெல்ல மெல்லப் பழைய இடங்களுக்கும் பழைய ஆட்களிடமும் திரும்பலாம் என்றுதான் இருந்தது. ஆனால் போலீஸ் நாய் என்ற சொல் அவளுக்குள் எங்கேயோ இன்னும் மோந்துகொண்டு திரிந்தது. எட்டுப் பேர் சிரித்தது கேட்டது. காத்திருக்கட்டும் என்று நினைத்தாள். கொஞ்சம் காத்திருக்கட்டுமே.

"ஒரு வருஷம் ஆகட்டும் ஐயா," என்றாள் புன்னகையோடு. "அவசரப்பட வேணாம். இவ்ளோ தூரம் வந்துட்டீங்க."

"ஒரு வருஷமா?"

"ஒரு வருஷம்."

"சரிங்க மேடம். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார். பிறகு, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார்.

அவருக்குத் தெரியுமா? தெரிந்துதான் பேசினாரா? ஏழு மாதமாக விடுதிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவள் இதைத் திருப்பித் திருப்பிக் கேட்டிருக்கிறாள். தெரிந்திருந்தால் அவர் தன் மகளிடமே கேட்டிருக்கிறார், மகளே வேண்டாம் என்றிருக்கிறாள். தெரியாவிட்டால் யாரோ ஒரு மேடத்தின் பேச்சைக் கேட்டுப் பெற்ற பெண்ணை வாசலுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறார். இரண்டில் எது தேவலை என்றும் அவளுக்குத் தெரியவில்லை. இன்றைக்குள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நாளைக்கு, கேட்க ஆள் இருக்க மாட்டார்.

*

மதியம் இரண்டு மணி இருக்கும். அம்மா சமையலறைத் தரையில் தலைக்குக் கையை வைத்துத் தூங்கிப்போயிருந்தாள். அப்பாவின் மூச்சு மாறியிருந்தது. நாலைந்து வேகமான மூச்சு, பிறகு ஒரு நீண்ட இடைவெளி. இடைவெளியில் மெஷின் மட்டும் மூச்சு விட்டது.

"அப்பா," என்றாள். அசைவில்லை.

"அப்பா, நான்தான்." கொஞ்சம் சத்தமாக, காதருகே, "அப்பா." புருவம் சுருங்கியது. திட்டுக்குத் தயாராகும் புருவம். இந்தக் குரலுக்கு அந்த முகத்தில் வேறு பதிலே கிடையாது போலிருந்தது.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சமையலறைப் பக்கம் பார்த்தாள். பிறகு, மேசையில் உட்கார்ந்திருப்பது போல முதுகை நேராக்கிக்கொண்டு, அடிக்குரலில் சொன்னாள்:

"வணக்கம் ஐயா. மூணாம் நம்பர் மேசை."

புருவம் அவிழ்ந்தது. கண் திறக்கவில்லை. ஆனால் தலை தலையணையில் மெல்லத் திரும்பியது. வலது கை நெஞ்சுக்கு ஏறி, சட்டைப் பித்தானைத் தேடியது. சட்டை போட்டிருக்கவில்லை.

"சொல்லுங்க மேடம்." காற்றுத்தான் வந்தது, அதில் வார்த்தை ஒட்டியிருந்தது.

"எப்படி இருக்கீங்க ஐயா?"

"தொடல மேடம்."

"தெரியும் ஐயா. நீங்க தொடலைன்னு தெரியும்."

நீண்ட இடைவெளி. மெஷின் இரண்டு முறை பெருமூச்சு விட்டது. அவள் அவருடைய மார்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது மறுபடி எழுந்தது.

"ஒரு வருஷம்... ஆச்சா மேடம்?"

அவள் மனசுக்குள் எண்ணினாள். ஏழு மாதம், பதினோரு நாள். படிவத்தில் நாள் கணக்கு இருக்கிறது.

"ஆச்சு ஐயா."

"ஆச்சா?"

"ஆச்சு. இன்னியோட ஆச்சு."

"அப்ப வரலாம்ல."

"வரலாம் ஐயா. வந்து..." குரல் அவளுடைய சொந்தக் குரலாக ஏறியது. பிடித்து இறக்கினாள். "ஐயா, உங்க மகள் இங்கதான்..."

"யார்கிட்ட பேசிட்டிருக்கே?"

தம்பி வாசலில் நின்றான். அவன் மேல் சிகரெட் வாசம் அடித்தது. அவள் மூக்கு தானாக அவன் பக்கம் திரும்பியது. இத்தனை வருடத்தில் முதல் முறையாக அவள் அதற்கு எதுவும் சொல்லவில்லை.

"போன்ல," என்றாள்.

"போனு மேசை மேல கெடக்கு."

அவன் தலையை ஆட்டிக்கொண்டு கட்டிலின் மறுபக்கம் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அவள் காத்திருந்தாள். ஒரு தடவை அவன் முகம் கழுவப் போனால் போதும். அவன் அப்பாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, நகங்களில் படிந்த பழைய மஞ்சள் கறையைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தான். அது போகாது என்று அவனுக்கும் தெரியும்.

மூன்று நாற்பதுக்கு ஒரு மூச்சு வெளியே போயிற்று. இடைவெளி வந்தது. மெஷின் ஒன்று, இரண்டு, மூன்று, ஏழு என்று தொடர்ந்து பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது. தம்பிதான் எழுந்து அதை அணைத்தான். அப்போதுதான் அந்த வீடு எவ்வளவு அமைதியானது என்று தெரிந்தது.

*

தெருமுனை டாக்டர் வந்து கண்ணிமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து படிவத்தை விரித்தார்.

"வயசு?"

"அறுபத்து மூணு," என்றான் தம்பி.

"புகைப்பழக்கம் இருந்துதில்ல. எத்தனை வருஷம்?"

"நாப்பத்தஞ்சு."

டாக்டர் எழுதினார்.

"விட்டுட்டாரு டாக்டர்," என்றாள் அம்மா. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவள் எழுந்து மேசைக்கு வந்தாள். "ஏழு மாசமாத் தொடல. அதையும் எழுதுங்க."

"அதுக்கு இதுல இடம் இல்லம்மா."

"ஓரத்துல எழுதுங்க. ஒரு வரிதானே."

டாக்டர் பேனாவை மூடினார். கையெழுத்துப் போட்ட தாளைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, அம்மாவின் தோளை ஒரு முறை தொட்டுவிட்டுப் போனார். அம்மா அந்தத் தாளை வாங்கி ஓரங்களைப் பார்த்தாள். நான்கு ஓரமும் வெள்ளையாகத்தான் இருந்தது.

ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மாடி வீட்டு ஆள் நாலு நாற்காலி கொண்டுவந்து போட்டார். சிக்னல் மாமா கீழே தெருவில் நின்று, வண்டிக்குச் சொல்லிவிட்டேன் என்று மேலே பார்த்துக் கையால் காட்டினார். துறைமுகத்து ஆட்கள் மூன்று பேர் வந்து பார்த்துவிட்டு, பேசாமல் படிக்கட்டுக்குப் போய் ஆளுக்கு ஒன்று பற்றவைத்தார்கள். யாரோ தம்பிக்கும் ஒன்று நீட்டினார்கள். அவன் வாங்கிக்கொண்டான்.

அவள் அப்பாவின் அலமாரியில் சட்டை தேடிக்கொண்டிருந்தாள். ஏழெட்டுச் சட்டைகளும் துவைத்து மடித்திருந்தன. ஒன்றை எடுத்து விரித்தாள். முகத்துக்குக் கொண்டுபோகப் பார்த்தவள், பாதியில் நிறுத்தினாள்.

"அந்த நீலம் எடு," என்றாள் அம்மா பின்னாலிருந்து. "வியாழக்கிழமை போடறது."

நீலச் சட்டையைக் கட்டில்மேல் வைத்தாள். அம்மா போகவில்லை. கையில் அப்பாவின் போன் இருந்தது. கண்ணில் நீர் இல்லை. அழுது முடித்து முகம் கழுவிய அம்மா, செய்ய வேண்டிய வேலைகளை வரிசையாக நினைத்துக்கொண்டிருப்பவளைப் போல இருந்தாள்.

"எல்லாருக்கும் சொல்லியாச்சு. ஒருத்தருக்குத்தான் சொல்லல." போனைத் திருப்பிக் காட்டினாள். திரையில் அப்பா பதிந்து வைத்திருந்த பெயரும் அதன் கீழே அந்த இலவச எண்ணும் இருந்தன. "அந்த மேடத்துக்கு. மூணு வாரமாப் பேசல, பாவம். என்ன ஆச்சோன்னு நினைச்சிட்டிருப்பாங்க. மறுபடி குடிக்க ஆரம்பிச்சிட்டாருன்னு நினைச்சிடக் கூடாது பாரு."

அவள் கை சட்டைக் காலரில் இருந்தது.

"நான் பேசினா அழுதுடுவேன். தம்பிக்கு வாய் சரியில்ல. உனக்குப் போன்ல பேசறதுதானே வேலை. நீயே பக்குவமாச் சொல்லு. கடைசி வரைக்கும் தொடலைன்னு சொல்லு. அப்புறம்..." அம்மா குரலைத் தாழ்த்தினாள். "வண்டி வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். பக்கத்துல இருந்தாங்கன்னா ஒரு எட்டு வந்துட்டுப் போகச் சொல்லு. அந்தப் பொண்ணு முகத்த நான் ஒரு தடவை பாக்கணும்."

படிக்கட்டில் யாரோ ஏறி வரும் செருப்புச் சத்தம் கேட்டது. அவர்கள் இருவரும் நிமிரவில்லை. அம்மாவின் கையில் திரை மங்கியது. அம்மா அதைக் கட்டைவிரலால் தொட்டு மறுபடி வெளிச்சமாக்கி, மகளின் பக்கம் நீட்டிக்கொண்டே நின்றாள்.

"போடும்மா."